‘மே’, ‘மைட்’, ‘ஷல்’: ஆங்கில ஆவணங்களில் எம்மவரின் வழக்கைத் தீர்மானித்த சிறு சொற்கள்

1991 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஐந்து ஈழத்தமிழ் இளைஞர்களின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர்களின் அகதிக் கோரிக்கையை நிராகரித்த பிரித்தானியா, 1988 பெப்ரவரியில் அவர்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. சித்திரவதையையும் மனிதாபிமானமற்ற நடத்துகையையும் தடை செய்யும் 3ஆம் உறுப்புரையை பிரித்தானியா மீறியதா என்பதுதான் நீதிமன்றத்தின் முன் இருந்த பிரதான கேள்வி. மீறவில்லை என்று எட்டு நீதிபதிகள் சொன்னார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

தீர்ப்பின் 111ஆம் பந்தியில் ஒரு வசனம் இருக்கிறது. நாட்டு நிலைமை இன்னும் சீராகாதிருந்ததால், அவர்கள் தடுத்து வைக்கப்பட்டு மோசமாக நடத்தப்படலாம் என்ற சாத்தியம் இருந்தது என்று அது ஒப்புக்கொள்கிறது. அடுத்த வசனமே கதவைச் சாத்துகிறது: வெறும் சாத்தியம் மட்டும் போதாது.

ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘பொசிபிலிட்டி’ என்ற ஒரு பெயர்ச்சொல். அதன் பின்னால் ‘தட்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் ‘மைட்’ என்ற ஒரு துணைவினை. இலக்கணப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் இந்த அமைப்பு, பிடிவிறாந்திலிருந்து அகதி அந்தஸ்து வரை, அரசியலமைப்பிலிருந்து மரணச் சான்றிதழ் வரை, கடந்த அறுபது எழுபது ஆண்டுகளாக எம்மைப் பற்றி எழுதப்பட்ட ஆங்கில ஆவணங்கள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. அதை வாசிக்கத் தெரிந்தால் ஒரு கடிதம் எதை உறுதியாகச் சொல்கிறது, எதை நழுவ விடுகிறது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

முதலில் அமைப்பு. ஆங்கிலத்தில் சில பெயர்ச்சொற்கள் தம் பின்னால் ஒரு முழு வாக்கியத்தைச் சுமந்து வரும். உண்மை, குற்றச்சாட்டு, அச்சம், நம்பிக்கை, சாத்தியம், ஆபத்து, வாக்குறுதி, நிபந்தனை, பரிந்துரை போன்றவை. பெயர்ச்சொல் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. பெட்டிக்குள் வாக்கியம் இருக்கிறது. சீட்டில் ‘உண்மை’ என்று எழுதியிருந்தால் எழுதியவர் அதற்குப் பொறுப்பு நிற்கிறார். ‘குற்றச்சாட்டு’ என்று எழுதியிருந்தால் அதே வாக்கியத்துக்கு அவர் பொறுப்பில்லை. அந்த வாக்கியத்துக்குள் ‘மே’, ‘மைட்’, ‘குட்’, ‘வில்’, ‘வுட்’, ‘ஷுட்’, ‘மஸ்ட்’, ‘ஷல்’ ஆகிய துணைவினைகளில் ஒன்று வந்தால் இரண்டாவது அளவுகோல் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிக்கூடத்தில் இவற்றை ‘மோடல்’ வினைகள் என்று படித்திருப்போம்.

தமிழில் இதே பெட்டி தலைகீழாகக் கட்டப்படுகிறது. வாக்கியம் முன்னால் வரும், நடுவில் ‘என்ற’, கடைசியில் பெயர்ச்சொல். “அவர் கைது செய்யப்படலாம் என்ற அச்சம்”. ஆங்கிலம் வாசிப்பவர் முதலில் ‘அச்சம்’ என்ற சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். தமிழில் கேட்பவர் ‘கைது’ என்ற சொல்லை முதலில் கேட்டுவிடுகிறார், கடைசியில் வரும் சீட்டைக் கவனிக்காமலே விட்டுவிடவும் கூடும். வானொலிச் செய்தியை அரைக்காதால் கேட்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

ஸ்ட்ராஸ்பேர்க் வசனத்துக்குத் திரும்புவோம். அங்கே பெயர்ச்சொல்லும் மெலிந்தது, துணைவினையும் மெலிந்தது. ‘சாத்தியம்’ என்பதே உறுதி குறைந்த சொல். அதற்குள் ‘மே’ கூட இல்லை, அதைவிட ஒரு படி தள்ளி நிற்கும் ‘மைட்’. ஒரே பயத்தில் இரண்டு தடவை தண்ணீர் கலந்தது போல.

இதே ஆட்களில் சிலரின் வழக்கு அதற்கு முன்னரே லண்டனில் வேறொரு சொற்சேர்க்கையை உண்டாக்கியிருந்தது. 1987 டிசம்பர் 16ஆம் திகதி, ஆறு தமிழ் அகதிக் கோரிக்கையாளர்களின் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒருவர் உண்மையாகவே பயப்படுகிறாரா, அந்தப் பயம் அவருடைய நிலையில் நியாயமானதா என்று பார்த்து அவர்களுக்குச் சாதகமாக முடிவெடுத்திருந்தது. பிரபுக்கள் சபை அதை மாற்றியது. பயம் இருந்தால் போதாது, திரும்பிப் போனால் துன்புறுத்தப்படுவார் என்பதற்கு ‘நியாயமான அளவு வாய்ப்பு’ இருப்பதாகக் காட்ட வேண்டும் என்றது.

இங்கே வாக்கியத்துக்குள் இருப்பது ‘மைட்’ அல்ல, ‘வில்’. ‘துன்புறுத்தப்படலாம்’ என்று அல்ல, ‘துன்புறுத்தப்படுவார்’ என்று வருகிறது. ஆனால் வெளியே நிற்கும் பெயர்ச்சொல் ‘நியாயமான அளவு வாய்ப்பு’ என்று தளர்ந்து கொடுக்கிறது. நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் நிரூபிக்கத் தேவையில்லை, அதற்குக் கீழேயே போதும் என்பது அதன் பொருள். அன்று அந்த ஆறு பேரும் தோற்றார்கள். ஆனால் அந்த அளவுகோலின் கீழ் அதன் பிறகு பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள், தமிழருடையவையும் மற்றவருடையவையும், நிறுக்கப்பட்டன.

அனுப்பப்பட்ட ஐவருக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் இலங்கையில் இருந்தபடியே பிரித்தானியாவில் மேன்முறையீடு நடந்தது. 1989 மார்ச்சில், அவர்களின் அச்சம் ஆதாரமுள்ளதுதான் என்று அங்குள்ள மேன்முறையீட்டு அதிகாரி தீர்மானித்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் அவர்கள் பிரித்தானியாவுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்ட பின்னர் தாங்கள் மோசமாக நடத்தப்பட்டதாக அவர்களில் மூவர் கூறியிருந்தார்கள். ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் அதையும் பதிவு செய்தது. பதிவு செய்துவிட்டு, அப்படி நடத்தப்படுவார்கள் என்று பிரித்தானிய உள்துறை அமைச்சர் முன்கூட்டி அறிந்திருக்கக்கூடிய, அல்லது அறிந்திருக்க வேண்டிய, தனித்துவமான எதுவும் அவர்கள் விடயத்தில் இருக்கவில்லை என்றது. ‘குட்’, ‘ஓட்’, ‘வுட்’ மூன்றும் அந்த ஒரே வசனத்தில் வருகின்றன. நடந்ததாகச் சொல்லப்பட்டதை விட்டு, நடக்கும் என்று ஊகித்திருக்க முடியுமா என்பதற்கு வழக்கை நகர்த்திய வசனம் அது. சட்டத்தின் தர்க்கம் அதற்குள் இருக்கலாம். வாசித்து முடித்தபோது எனக்கு ஒட்டவில்லை.

புலம்பெயர்ந்த எம்மவர் ஒரே நாட்டில் இல்லை. ஆகவே ஒரே பயம் நாட்டுக்கு நாடு வேறு பெயர்ச்சொல்லுக்குள் வைக்கப்படுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987 மார்ச்சில், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே ஆதாரமுள்ள அச்சம் இருக்கலாம் என்ற பொருளில் எழுதியது. கனடாவின் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் ‘வெறும் சாத்தியத்தை விட அதிகம்’ இருக்க வேண்டும், ஆனால் ஐம்பது வீதத்தைத் தாண்டத் தேவையில்லை என்றது. அதே ஆண்டு அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ‘மெய்யான வாய்ப்பு’ என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தது. தமிழில் இவை எல்லாமே ‘சாத்தியம்’ அல்லது ‘வாய்ப்பு’ என்று ஒரே மாதிரி வந்து விழும். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் தன் வழக்கில் சட்டத்தரணி சொன்னதை லண்டனில் இருக்கும் மச்சானுக்குச் சொல்லும்போது இருவரும் வேறு வேறு தராசுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

பிரித்தானியாவிலேயே தராசு மாறிவிட்டது. 2022 ஜூன் 28 அல்லது அதற்குப் பின்னர் செய்யப்பட்ட கோரிக்கைகளுக்கு 2022ஆம் ஆண்டின் தேசியம் மற்றும் எல்லைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு பொருந்துகிறது. கோரிக்கையாளர் உண்மையில் அஞ்சுகிறாரா, அவர் சொல்லும் அடையாளமோ அரசியல் கருத்தோ அவருக்கு இருக்கிறதா என்பவை இப்போது ‘இல்லை என்பதை விட ஆம் என்பதே கூடுதலாக இருக்க வேண்டும்’ என்ற கடினமான அளவில் பார்க்கப்படுகின்றன. அதைத் தாண்டிய பின்னர்தான், திரும்பினால் துன்புறுத்தப்படுவார் என்பதற்கு நியாயமான வாய்ப்பு உண்டா என்ற பழைய கேள்வி வருகிறது. பழைய வழக்குகளில் வென்றவர்களின் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இந்த முதல் படியைக் கவனிக்க வேண்டும்.

2013 ஜூலையில் பிரித்தானிய மேல் தீர்ப்பாயம் இலங்கைத் தமிழர் பற்றி வெளியிட்ட வழிகாட்டல் தீர்ப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். விமான நிலையத்தில் இருக்கும் இரண்டு கணினிப் பட்டியல்களை அது பிரித்துக் காட்டியது. நீதிமன்றக் கட்டளையோ பிடிவிறாந்தோ நிலுவையில் உள்ளவர்களின் பட்டியலில் பெயர் இருந்தால் நிறுத்தப்படுவார்: இங்கே ‘வில்’. கண்காணிப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் கண்காணிக்கப்படுவார்: இங்கேயும் ‘வில்’. ஆனால் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்படுவதற்கு ‘நியாயமான வாய்ப்பு’ இல்லை. கண்காணிப்பு உறுதி, கைது உறுதியில்லை என்று வாசிக்க வேண்டிய வசனத்தை ‘ஆபத்து இல்லை’ என்று சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. 2021 மே மாதத்தில் மேல் தீர்ப்பாயம் இந்த வழிகாட்டலைப் புதுப்பித்தது. இப்போது மேற்கோள் காட்டுபவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் பாதை. எதிர்ப்பாதை அதைவிட வழுக்கும்.

ஹெந்தளையில் நான் இருக்கும் பக்கம், வத்தளை வரைக்கும், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து தங்கிய குடும்பங்கள் நிறைய. வெளிநாட்டில் பிள்ளைக்கு வழக்கு நடந்தால் தாயோ சகோதரியோ இங்கிருந்து ஒரு கடிதம் அல்லது சத்தியக் கடதாசி அனுப்ப வேண்டி வரும். தமிழில் சொன்னதைப் புதுக்கடைப் பக்கம் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்குவார்கள். அப்படிச் சில கடிதங்களை வாசித்துச் சொல்லும்படி என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அம்மா வாயால் சொன்னதும் ஆங்கிலத்தில் இருந்ததும் ஒரே நிறை இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“போனால் பிடிப்பாங்கள்” என்று எங்கள் அம்மாக்கள் சொன்னால் அதில் ஐயம் இல்லை. ஆங்கிலத்தில் அது ‘வில்’. “பிடிச்சாலும் பிடிப்பாங்கள்” என்றால் அது ‘மைட்’. “பிடிக்கக்கூடும்” என்பது ‘மே’க்குக் கிட்ட. மூன்றையும் ‘மே’ என்று எழுதிவிட்டால், உறுதியாகச் சொன்ன பெண் தயங்கிச் சொன்னவராகி விடுகிறார். முன்னே பார்த்த வசனத்தின்படி ‘வெறும் சாத்தியம்’ போதாது. ஆகவே மொழிபெயர்ப்பாளரின் பேனையில் ஒரு சொல் மாறினால் கோரிக்கையின் நிறையே குறைகிறது. மறுபுறமாகவும் தவறு நடக்கும். “பிடிச்சாலும் பிடிப்பாங்கள்” என்பதை ‘வில்’ என்று எழுதினால், குறுக்கு விசாரணையில் “நிச்சயம் என்றீர்கள், இப்போது தெரியாது என்கிறீர்களே” என்ற கேள்வி வரும்.

இன்னொன்று, எங்கள் எதிர்கால வினை எப்போதும் எதிர்காலத்தைக் குறிப்பதில்லை. “இந்நேரம் அவன் வீட்டை வந்திருப்பான்” என்றால் வருவதைப் பார்த்தேன் என்று பொருளில்லை, ஊகிக்கிறேன் என்று பொருள். ஆங்கிலத்தில் அதற்கு ‘மஸ்ட் ஹாவ்’ அல்லது ‘வில் ஹாவ்’ வேண்டும். “நான் அங்க நிண்டிருந்தால் என்னையும் கொண்டுபோயிருப்பாங்கள்” என்பதில் உள்ளது நடக்காத ஒன்று, அதற்கு ‘வுட் ஹாவ்’. நடக்காததை நடந்ததாக எழுதிவிட்டால் அந்த வாக்குமூலம் தன்னைத்தானே மறுக்கும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது ‘-ஆம்’. “ஆமி வீட்டுக்கு வந்து விசாரிச்சதாம், அம்மா சொன்னா.” அந்த ஒரு ‘-ஆம்’ நான் நேரில் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறது. ஆங்கில வினையில் இப்படி ஒரு விகுதி கிடையாது. அதைத் தனி வாக்கியமாக, ‘என்று எனக்குச் சொல்லப்பட்டது’ என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் கேள்விப்பட்டவர் கண்கண்ட சாட்சியாகி விடுகிறார். பின்னர் நேர்முகத்தில் அவரே “நான் அப்ப அங்க இல்லை” என்று சொன்னால், அது முரண்பாடு என்று குறிக்கப்படலாம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன ‘-ஆம்’ வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. மொழிபெயர்ப்பைக் கையெழுத்திட முன் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு. அப்படி வாசிக்கும்போது பெயர், திகதி ஆகியவற்றோடு இந்த விகுதிகளையும் சரிபார்க்கக் கேட்பது நல்லது.

இனி உள்நாட்டுச் சட்டம். இங்கே கதை ‘ஷல்’, ‘மே’ என்ற இரண்டு சொற்களைச் சுற்றியே நடக்கிறது. சட்ட ஆங்கிலத்தில் ‘ஷல்’ என்றால் கட்டளை, ‘மே’ என்றால் அதிகாரம் அல்லது அனுமதி: செய்யலாம், செய்யாமலும் விடலாம்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தில் சிங்களத்துக்கு ‘ஷல்’ கிடைத்தது. உடனே மாற்ற முடியாத இடங்களில் அதுவரை பயன்பட்ட மொழிகள் 1960 டிசம்பர் 31க்குள் மாற்றம் நிகழும் வரை தொடரலாம் என்ற சலுகை ‘மே’யில் வந்தது. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், வடக்கு கிழக்கில் ‘விதிக்கப்பட்ட’ நிர்வாகக் கருமங்களுக்குத் தமிழ் பயன்படுத்தப்படலாம் என்றது. அவற்றை விதிக்க ஒழுங்குவிதிகள் வேண்டும். ஒழுங்குவிதிகளை அமைச்சர் ஆக்கலாம் என்றே எழுதப்பட்டிருந்தது, ஆக்க வேண்டும் என்று அல்ல. அந்த ஒழுங்குவிதிகள் நாடாளுமன்றத்துக்கு வந்தது 1966 ஜனவரியில். ஒரு ‘மே’யின் மேல் எட்டு வருடம் உட்கார்ந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தாமதத்துக்கு அரசியல்தான் காரணம், இலக்கணம் அல்ல. ஆனால் அந்த அரசியலுக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய தேவையை அந்த இலக்கணம் இல்லாமல் செய்தது.

1987 ஜூலை 29ஆம் திகதி கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் இன்னொரு வேறுபாடு. அரசகரும மொழி சிங்களம் என்ற வசனத்தில் ‘ஷல்’. தமிழும் ஆங்கிலமும் அரசகரும மொழிகளாக இருக்கும் என்ற அடுத்த வசனத்தில் ‘வில்’. அதே ஆண்டு நவம்பரில் வந்த 13ஆம் திருத்தத்தில் தமிழுக்கும் ‘ஷல்’ கிடைத்தது, கூடவே ‘ஓல்சோ’ என்ற சொல்லும். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி இந்த ‘ஷல்’லை ‘ஆதல் வேண்டும்’ என்று எழுதுகிறது. சட்டத் தமிழில் அது கட்டளை. சாதாரணமாகத் தமிழ் வாசிக்கும் ஒருவரின் காதில் ‘தமிழும் அரசகரும மொழியாக வேண்டும்’ என்று, யாரோ விடுத்த கோரிக்கை போல ஒலிக்கும். ‘ஷல்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘நீட்’ நான்கையும் ஒரே ‘வேண்டும்’ தாங்குவதால் வந்த வினை இது. கட்டளையையும் அறிவுரையையும் விருப்பத்தையும் தேவையையும் நாம் ஒரே சொல்லால் பேசுகிறோம்.

‘ஷல்’ இருந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, மக்களின் எல்லாப் பிரிவினரிடையேயும் ஒத்துழைப்பையும் பரஸ்பர நம்பிக்கையையும் வளர்த்து அரசு தேசிய ஒற்றுமையைப் பலப்படுத்த வேண்டும் என்று ‘ஷல்’ போட்டே சொல்கிறது. இரண்டு உறுப்புரை தள்ளி, 29இல், இவை சட்ட உரிமைகளையோ கடப்பாடுகளையோ உண்டாக்காது, எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று எழுதியிருக்கிறது. பல் பிடுங்கிய ‘ஷல்’.

‘மே’க்குப் பல் முளைப்பதும் உண்டு. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவில், ஒருவர் சட்டவிரோத செயலோடு தொடர்புபட்டவர் என்று நம்பவோ சந்தேகிக்கவோ அமைச்சருக்குக் காரணம் இருந்தால், அவரைத் தடுத்து வைக்கும்படி அமைச்சர் கட்டளையிடலாம். முதலில் மூன்று மாதம், மொத்தம் பதினெட்டு மாதம் வரை. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்த மொத்தத்தைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. ‘லாம்’ என்று முடியும் அந்த வசனம், அமைச்சருக்கு அனுமதி. உள்ளே இருப்பவருக்கு அதில் எந்த ‘லாம்’உம் இல்லை. ‘காரணம்’ என்ற பெயர்ச்சொல்லின் பின்னால் ‘நம்ப’ என்பதோடு ‘சந்தேகிக்க’ என்பதும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். எத்தனை இளைஞர்களின் காலம் அந்த ‘சந்தேகிக்க’ என்ற ஒரு சொல்லுக்குள் போயிருக்கிறது.

மொழிபெயர்ப்பில் பிசகினால் யார் பொறுப்பு? எமது சட்டங்கள் பெரும்பாலானவற்றின் இறுதியில் ஒரு சிறிய பிரிவு இருக்கும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும். அந்த மேலோங்கலும் ‘ஷல்’தான். தமிழ்ப் பிரதியில் ஒரு ‘லாம்’ தவறாக ‘வேண்டும்’ ஆகியிருந்தாலும் அதைக் காட்டி வாதாட முடியாது.

ஐ.நா. ஆவணங்களுக்கு வருவோம், ஏனென்றால் மார்ச்சிலும் செப்டெம்பரிலும் எம் செய்திகள் எல்லாம் ஜெனீவாவிலிருந்துதான் வருகின்றன. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 மார்ச் 31 திகதியிட்ட தன் அறிக்கையில், 40,000 வரையிலான பொதுமக்கள் மரணங்களை இந்தக் கட்டத்தில் நிராகரித்துவிட முடியாது என்ற பொருள்பட எழுதியது. ‘கெனொட் பி ரூல்ட் அவுட்’. ‘40,000 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. உறுதி செய்தது’ என்று அதை எழுதுவது வேறு செய்தி. அப்படி எழுதுவதால் எமக்கு நன்மை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறிக்கையை எதிர்ப்பவர்கள் மூலத்தை எடுத்து வைத்து, பாருங்கள் ஐ.நா. அப்படிச் சொல்லவேயில்லை என்று நிறுவ நாமே வழி செய்து கொடுக்கிறோம். அதே அறிக்கையில் உள்ள ‘நம்பகமான குற்றச்சாட்டுகள், அவை நிரூபிக்கப்பட்டால்’ என்ற சொற்களும் அப்படித்தான். சீட்டில் எழுதியிருப்பது குற்றச்சாட்டு. ‘நம்பகமான’ என்ற அடை அதை விசாரிக்கத் தகுதியாக்குகிறது, ‘நிரூபிக்கப்பட்டால்’ என்பது அந்த விசாரணையைக் கேட்கிறது. விசாரணை வேண்டும் என்பதற்கு அதுவே பலமான வாதம்.

பரிந்துரைகளின் இலக்கணம் இன்னொரு பொறி. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை 2011 டிசம்பரில் வெளியானது. அதன் பின்னர் 2012 மார்ச் 22இல் நிறைவேறிய 19/2 தீர்மானம், 2015 ஒக்டோபர் 1இன் 30/1, 2021இன் 46/1, 2022இன் 51/1 எல்லாமே ‘பரிந்துரை’, ‘கோரிக்கை’, ‘ஊக்குவிக்கிறது’ என்ற சொற்களில் நடப்பவை. ‘பரிந்துரை’ என்ற பெயர்ச்சொல்லின் பின்னால் ‘ஷுட்’ வரும், அல்லது துணைவினையே இல்லாமல் வெறும் வினை வரும். ‘அரசாங்கம் ஒரு பொறிமுறையை நியமி’ என்பது போல ஒரு மொட்டையான வினை. ஆங்கிலம் பழகாத கண்ணுக்கு அது ‘நியமிக்கிறது’ என்று தெரியும். அரசாங்கம் ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அது செய்யப்படாத ஒன்றைப் பற்றிய ஆலோசனை. 30/1க்கு அனுசரணை வழங்கிய இலங்கை, 2020 பெப்ரவரியில் அதிலிருந்து விலகிக்கொண்டது. ‘ஷுட்’டிலிருந்து விலகுவது எளிது.

கடைசியாக, துணைவினை இல்லாத வாக்கியம்.

இந்த நாட்டில் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு முன்னால் பல ஆண்டுகளாக ஒரே ஒரு கடதாசிதான் நீட்டப்பட்டது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புகளைப் பதிவு செய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், பயங்கரவாதச் செயல்களாலோ உள்நாட்டுக் குழப்பத்தாலோ காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லாத ஒருவரின் மரணத்தைப் பதிவு செய்யலாம். வீட்டில் அம்மா சொல்வது “உயிரோட இருக்கலாம்” அல்லது, நெருங்கியவர்களிடம் மட்டும், “இல்லாமலும் போயிருக்கலாம்”. கச்சேரியில் கொடுக்கும் பத்திரத்தில் அந்த ‘லாம்’ இல்லை. இறந்தார் என்ற அனுமானத்துக்குள் ‘மே’க்கு இடம் வைக்கப்படவில்லை. சான்றிதழ் என்றால் அது சான்றிதழ். பலர் அதை வாங்க மறுத்ததற்கு இழப்பீட்டுத் தொகை குறைவு என்பதோ அறியாமையோ காரணமில்லை. தாங்கள் சொல்லாத ஒரு வாக்கியத்தில் கையெழுத்திட மறுத்தார்கள்.

2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, ஐ.நா.வின் இலங்கைக்கான வதிவிட இணைப்பாளரிடம், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று சொன்னதாக அவருடைய செயலகமே அறிக்கை விட்டது. அதிலும் துணைவினை இல்லை. யார், எங்கே, எப்போது, யாருடைய கையில் என்பதும் இல்லை. ‘இறந்திருக்கலாம்’ என்று அவர் சொல்லியிருந்தால் அது ஊகம், கடந்து போயிருக்கலாம். ‘இறந்துவிட்டார்கள்’ என்றால் தெரிந்திருக்கிறது என்று பொருள். எப்படித் தெரியும் என்ற கேள்வியைத்தான் வீதியோரக் கொட்டகைகளில் படங்களோடு இருந்த தாய்மார் கேட்டார்கள்.

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வேறொரு பத்திரத்தைக் கொண்டுவந்தது: காணக்கிடைக்காமைச் சான்றிதழ். அதை வழங்குபவர் பதிவாளர் நாயகம். வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் காரியம் போன்றவற்றுக்குக் குடும்பம் அதைப் பயன்படுத்த முடியும். அது மரணத்தைப் பதிவதில்லை. உயிரோடு இருக்கிறார் என்றும் அது சொல்லவில்லை, இறந்தார் என்றும் சொல்லவில்லை, இருக்கலாம் என்றும் சொல்லவில்லை. ‘காணக்கிடைக்காமை’ என்ற ஒரு பெயர்ச்சொல் மட்டும் நிற்கிறது. அதன் பின்னால் வர வேண்டிய வாக்கியத்தை எழுத வேண்டியவர்கள் இன்னும் எழுதவில்லை.